இரண்டு ரூபாய் அரிசியும் சத்தியப் பயிர்களும்

1983-ம் வருடம் ஆந்திராவில் இரண்டு காரியங்கள் ஆரம்பமாயின. ஒன்று, மைக் கட்டி, மாலை போட்டு, எல்லாப் பத்திரிகையிலும் தலைப்புச் செய்தியாக வந்தது. இன்னொன்றை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை.

முதல் காரியத்தின் கதாநாயகன் என்.டி.ராமராவ். திரையில் கிருஷ்ணனாகவும் ராமனாகவும் பார்த்துப் பழகிய மனிதர். 1982 மார்ச்சில் கட்சி ஆரம்பித்தார். ஒரு பழைய வேனை ரதமாக மாற்றிக்கொண்டு மாநிலம் முழுக்கச் சுற்றினார். 1983 ஜனவரியில் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கொடுத்த வாக்குறுதிகளில் ஜனங்கள் மனப்பாடமாக வைத்திருந்தது ஒன்றைத்தான். கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி. சொன்னார். அதே வருடம் செய்தும் காட்டினார்.

இரண்டாவது காரியம் நடந்த இடம், ஹைதராபாத்திலிருந்து பம்பாய் ரோட்டில் மேற்கே சுமார் நூறு கிலோமீட்டர் போனால் வரும் ஜகீராபாத் பக்கத்துக் கிராமங்கள். அன்றைக்கு மேதக் மாவட்டம். இன்றைக்குத் தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டம். இன்னும் கொஞ்சம் போனால் கர்நாடகத்து பீதர். பி.வி.சதீஷ் என்பவரும் சில நண்பர்களும் சேர்ந்து அங்கே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பெயர், டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி. சதீஷ் மைசூர்க்காரர். தூர்தர்ஷனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்தவர். 1975-76ல் செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்கு டி.வி. காட்டினார்களே, அந்தப் பரிசோதனையில் வேலை பார்த்தவர்.

ஒரு பக்கம் ஒரு மாநில அரசாங்கம். இன்னொரு பக்கம் நாலைந்து பேர். இரண்டு பேருக்கும் நோக்கம் ஒன்றுதான். ஏழை வீட்டில் அடுப்பு எரியவேண்டும். ஆனால் அடுத்த பத்து, இருபது வருடங்களில் இரண்டும் எங்கெங்கே போய்ச் சேர்ந்தன என்பதுதான் விஷயம்.

*

முதலில் அந்த மண்ணைப் பார்த்துவிடலாம்.

தக்காண பீடபூமி. வெடிக்கிற கரிசல் கொஞ்சம். கல்லும் சரளையுமாக மேலாக்கப் பூசினாற்போலச் செம்மண் நிறைய. ஆறு கிடையாது, கால்வாய் கிடையாது. மழை வந்தால் விவசாயம். அது வருகிற நாளும் போகிற நாளும் யாருக்கும் தெரியாது.

இந்த ஊருக்கு நெல் சம்பந்தமே இல்லாத சாப்பாடு. அதாவது, சோளம். அவர்கள் பாஷையில் ஜொன்ன. சோள ரொட்டி, சோளக் கூழ், சோளச் சோறு. கூடவே கொர்ர என்கிற தினை, சாமை, கம்பு. தொட்டுக்கொள்ள துவரை, மொச்சை, புளிச்சகீரை. அரிசிச் சோறு என்பது பண்டிகைக்கு, கல்யாணத்துக்கு, பட்டேல் வீட்டு விருந்துக்கு.

இதில் தலித் குடும்பங்களின் நிலைமை தனி. பரம்பரையாகக் கூலி. 1970-களில் நில உச்சவரம்புச் சட்டம் அது இது என்று அரசாங்கம் கொஞ்சம் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது. கொடுத்தது எந்த நிலத்தை? ஊரில் யாருக்கும் வேண்டாத நிலத்தை. மண்வெட்டி போட்டால் அரை அடியில் கல் தட்டும். பட்டா இருந்தது. ஏர் இல்லை, மாடு இல்லை, எரு இல்லை. பேருக்கு விவசாயி, பிழைப்புக்குக் கூலி.

இப்படிப்பட்ட வீட்டுக்கு இரண்டு ரூபாய் அரிசி வந்தால் என்ன ஆகும்?

கொண்டாட்டம்தான் ஆகும். அதில் தப்பும் இல்லை. சோளத்தை இடித்து, புடைத்து, திரித்து, மாவாக்கி, ஒவ்வொரு ரொட்டியாகத் தட்டிப் போடுகிற கஷ்டம் ஒரு பெண்ணுக்குத்தான் தெரியும். சாமையும் தினையும் இன்னும் மோசம், உமி நீக்கவே ஒரு பொழுது போய்விடும். அரிசி என்றால்? கழுவி உலையில் போட்டால் வேலை முடிந்தது. அதோடு, பட்டேல் வீட்டுச் சாப்பாடு நம் வீட்டுக்கு வந்துவிட்டது என்கிற பெருமை வேறு. ரேஷன் அரிசியை ஏழைகள் ஏமாந்துபோய் வாங்கினார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெரிந்துதான் வாங்கினார்கள். பசித்தவனுக்கு அது வரம்.

ஆனால் வரத்துக்கு ஒரு பின்விளைவு இருந்தது. கடையில் இரண்டு ரூபாய்க்குக் கோதாவரிக் கரையில் விளைந்த அரிசி கிடைக்கும்போது, கல்லோடு மல்லுக்கட்டி யார் சோளம் விதைப்பார்கள்? ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்த அந்த நிலங்கள் தரிசாயின. பாங்க் கடனும் உர மானியமும் நெல்லுக்கு, கரும்புக்கு, பிற்பாடு பருத்திக்கு. சோளத்துக்கு நாதியில்லை. இது ஜகீராபாத் கதை மட்டுமில்லை. 1960-களில் இந்தியாவில் சுமார் ஒரு கோடியே எண்பது லட்சம் ஹெக்டேரில் சோளம் விளைந்தது. 2020 வாக்கில் அது ஐம்பது லட்சம் ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது.

*

பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் எங்காவது பற்று எழுதியே ஆகவேண்டும். இரண்டு ரூபாய் அரிசிக்கு அரசாங்கம் எழுதிய பற்று, மானியம். பட்ஜெட்டில் அது பைசா சுத்தமாக இருக்கும். பட்ஜெட்டில் வராத பற்று ஒன்றும் இருந்தது. அது பெண்களின் உடம்பில் எழுதப்பட்டது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுகளுக்கான அட்டவணை இருக்கிறது. நூறு கிராம் தீட்டிய அரிசியில் இரும்புச் சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை, சுமார் 0.65. அதே நூறு கிராம் சோளத்தில் கிட்டத்தட்ட 4. கம்பில் ஆறுக்கும் மேல். புரதமும் அரிசியில் எட்டுக் கிராம் என்றால் சோளத்தில் சுமார் பத்து.

இந்த வித்தியாசம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றா? இல்லை. மாதவிடாய், பிரசவம், பாலூட்டல் என்று இரும்பைச் செலவழிக்கிற உடம்பு பெண்ணுடையது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளும் அவள்தான். புருஷனுக்கும் பிள்ளைக்கும் போக மிஞ்சினது. பழைய சாப்பாட்டில் மிஞ்சியது அரை ரொட்டி என்றாலும் அதில் சோளம் இருந்தது, கொஞ்சம் துவரை இருந்தது, கீரை இருந்தது. புதுச் சாப்பாட்டில் மிஞ்சியது வெள்ளைச் சோறும் மிளகாய் கரைத்த தண்ணியும் என்றால் என்ன செய்வது?

அதுவும் எத்தனை நாளைக்கு? ரேஷன் அரிசிக்குத் தலைக்கு இவ்வளவு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. மாசத்தில் பாதி நாளைக்குக்கூடக் காணாது. மீதி நாளைக்கு நிலம் சோறு போடவேண்டும். நிலமோ தரிசு. இந்த இடத்தில்தான் சங்கத்துப் பெண்கள் வருகிறார்கள்.

*

சங்கம் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். கிராமத்துக்கு ஒன்று. உறுப்பினர்கள் எல்லாரும் பெண்கள். பெரும்பாலும் தலித்துகள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைச்சல். சுமார் 75 கிராமங்களில் ஐயாயிரம் பெண்கள் வரை பின்னாளில் இது வளர்ந்தது. ஆரம்பத்தில் கைப்பிடி அரிசி மாதிரி, சில்லறைச் சேமிப்பு. அப்புறம்தான் நிலத்துக்கு வந்தார்கள்.

இங்கே ஒரு சட்டத்தைச் சொல்லவேண்டும். அதே என்.டி.ராமராவ் ஆட்சியில், 1986-ல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு ஆந்திரா திருத்தம் கொண்டுவந்தது. தமிழ்நாடு இதைச் செய்தது 1989-ல்தான். மத்திய அரசு 2005-ல். பெரிய புரட்சி, சந்தேகமில்லை. ஆனால் அப்பனுக்கே நிலமில்லாத வீட்டில் மகளுக்கு எதில் பங்கு? பூஜ்யத்தை எத்தனை பேருக்குச் சமமாகப் பிரித்தாலும் பூஜ்யம்தானே.

சட்டத்தில் வழியில்லை என்றால் குத்தகையில் தேடுவோம் என்று பெண்கள் கிளம்பினார்கள். தனியாகப் போய் ஒரு தலித் பெண் குத்தகைக்கு நிலம் கேட்டால் எந்த நிலக்காரர் கொடுப்பார்? பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டார்கள். சேமிப்பிலிருந்து குத்தகைப் பணம். உழைப்பு எல்லாருடையதும். விளைச்சலில் விதைக்கு எடுத்துவைத்தது போக மிச்சம் சமமாகப் பங்கு.

அடுத்த கட்டம், வாங்குவது. தாழ்த்தப்பட்டோருக்கான அரசு நிதிக் கழகத்தில் ஒரு திட்டம் இருந்தது. நிலமில்லாத தலித் பெண்கள் நிலம் வாங்கினால் பாதி மானியம், பாதி கடன். கடனை நீண்ட வருடங்களில் அடைக்கலாம். இப்படித் திட்டம் இருக்கிறது என்பது ஆபீசுக்குத் தெரியும். பயனாளிக்குத் தெரியாது. சங்கம் அந்தக் கதவைத் தட்டியது. குழுவாகச் சேர்ந்து விண்ணப்பித்தார்கள். பத்திரம் ஆளுக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் வீதம், அந்தப் பெண்ணின் பேரிலேயே. விவசாயம் மட்டும் எல்லாரும் சேர்ந்து. ஏன் சேர்ந்து? ஒருத்திக்கு மாடு இல்லை, இன்னொருத்திக்கு உடம்பு முடியவில்லை, மூன்றாமவளுக்குப் பிரசவம். தனியாக இருந்தால் அந்த வருஷம் நிலம் தரிசு. சேர்ந்திருந்தால் பயிர் நிற்கும். இந்தக் குழுக்களைப் பற்றிப் பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் விரிவாக எழுதியிருக்கிறார். சுமார் 25 குழுக்கள், ஐந்நூற்றைம்பது ஏக்கர் சொச்சம் என்பது அவர் தரும் கணக்கு.

ஐந்நூறு ஏக்கர் ஒரு பெரிய மிராசுதாரருக்கு ஒன்றுமில்லை. அந்த ஊரில், அந்த ஜாதியில், அந்தப் பெண்களுக்கு அது பெரிய சாம்ராஜ்யம்.

*

ஆனாலும் பெரிய பாய்ச்சல் 1990-களின் நடுவில்தான் வந்தது.

சங்கத்துப் பெண்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். ரேஷன் அரிசி எங்கிருந்தோ லாரியில் வருகிறது. நம் ஊர்த் தரிசு நம் ஊரிலேயே சும்மா கிடக்கிறது. நம் நிலத்தில் விளைந்து, நம் ஊரிலேயே சேமித்து, நம் ஊர் ஏழைக்கே கொடுக்கிற ரேஷன் கடை ஏன் இருக்கக்கூடாது?

மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் இதற்குப் பணம் கொடுத்தது என்பது ஆச்சரியமான உண்மை. திட்டம் எளிமை. தரிசாகக் கிடக்கும் நிலத்தின் சொந்தக்காரருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று கடன். உழவுக்கு, எருவுக்கு, விதைக்கு. தவணை தவணையாக. கடனைத் திருப்பிக் கட்டுவது பணமாக அல்ல, சோளமாக. ஐந்து வருடத்தில். அந்தச் சோளம் ஊரிலேயே சேமிக்கப்படும். மழைக்காலத்தில், வேலையும் இல்லாமல் வீட்டில் தானியமும் இல்லாமல் ஜனங்கள் தவிக்கிற மாதங்களில், பரம ஏழைகளுக்கு மலிவு விலையில் கொடுக்கப்படும்.

பரம ஏழை யார்? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல அரசாங்கம் கணக்கெடுப்பு நடத்தும். படிவம் அச்சடிக்கும். கடைசியில் மாடி வீட்டுக்காரருக்கு அட்டை கிடைக்கும். இந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊர் நடுவே தரையைப் பெருக்கி, கோலப்பொடியால் ஊரின் வரைபடம் போட்டார்கள். ஒவ்வொரு வீடும் ஒரு கட்டம். எந்த வீட்டில் கைம்பெண் தனியாக இருக்கிறாள், எந்த வீட்டில் சம்பாதிக்க ஆளில்லை, எந்த வீட்டில் வருஷத்துக்கு எத்தனை மாசம் தானியம் தீர்ந்துபோகிறது. ஊர்ப் பெண்களுக்குத் தெரியாததா? எல்லார் முன்னாலும் பேசி முடிவெடுத்து, வெவ்வேறு நிறப் பொடியால் வகை பிரித்தார்கள். யாரும் பொய் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டு நிற்கிறாளே!

முதல் வருடக் கணக்கை அமைப்பே வெளியிட்டிருக்கிறது. முப்பது சொச்சம் கிராமங்கள். 2,675 ஏக்கர் தரிசு உழவுக்கு வந்தது. கூடுதலாக விளைந்த சோளம் எட்டு லட்சம் கிலோ.

வகுத்துப் பார்த்தால் ஏக்கருக்குச் சுமார் முந்நூறு கிலோ. பசுமைப் புரட்சிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். பஞ்சாபில் ஏக்கருக்கு எவ்வளவு எடுக்கிறார்கள் தெரியுமா என்பார்கள். சரிதான். ஆனால் இந்த முந்நூறு கிலோவுக்கு முந்தைய வருடம் அதே நிலத்தில் கிடைத்தது என்ன? புல்லும் முள்ளும். முந்நூறு கிலோவோடு மாட்டுக்குத் தட்டையும் கிடைத்தது. மாடு நின்றது. மாடு நின்றதால் எரு வந்தது. எரு வந்ததால் அடுத்த வருடம் மண் கொஞ்சம் தேறியது. கூலி வேலை ஊரிலேயே கிடைத்தது.

*

எட்டு லட்சம் கிலோவைவிட முக்கியமான ஒரு சங்கதி, அந்த நிலத்தில் சோளம் தனியாக நிற்கவில்லை என்பது.

ஓர் ஏக்கரில் இருபது வகைப் பயிர்கூடப் போடுவார்கள் இந்தப் பெண்கள். சோளத்துக்கு நடுவே துவரை, ஓரத்தில் புளிச்சகீரை, இடையிடையே தினை, கம்பு, பாசிப்பயறு, தட்டைப்பயறு, எள், மொச்சை, கொள்ளு. பார்த்தால் காடு மாதிரி இருக்கும். விவசாய அதிகாரி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அந்தக் காட்டுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. பாசிப்பயறும் தினையும் சீக்கிரம் அறுப்புக்கு வந்துவிடும், மழைக்காலப் பசிக்குக் கை கொடுக்கும். சோளம் அதற்கப்புறம். துவரை பொங்கல் வரைக்கும் நிற்கும். முன்மழை பொய்த்தால் ஒன்று போகும், பின்மழை பொய்த்தால் இன்னொன்று போகும். எல்லாமே போகிற வருடம் அபூர்வம். பயறு வகைகள் மண்ணுக்குத் தழைச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன, மூட்டை உரத்துக்குக் காசு வேண்டாம்.

பனியைக் குடித்தே வளர்கிற பின்பருவப் பயிர்களும் உண்டு. தண்ணீர் பாய்ச்சுவதில்லை. உரமில்லை, மருந்தில்லை. இவற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், சத்தியம் பண்டலு. சத்தியப் பயிர்கள். சொன்ன சொல் தவறாத பயிர்கள் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம்.

இனி, யாரும் விதைக்காமலே முளைக்கும் சாப்பாடு. களை எடுக்கப் போகிற பெண் மடியில் கட்டிக்கொண்டு வருகிற கீரைகள். தும்மி கூர என்பார்கள், நம் தும்பை. செஞ்சலி கூர, நம் ஊரில் தொய்யக்கீரை. கங்கவாயிலி கூர, அதாவது பருப்புக்கீரை. இப்படிப் பல பத்து வகை. புத்தகத்தில் இவற்றுக்குப் பெயர் களை. களைக்கொல்லி அடித்தால் முதலில் சாவது இவைதான். காசு கொடுத்து வாங்காத, வீட்டில் யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டாத சாப்பாடு இது. ஏழைப் பெண்ணுக்கென்றே மண் எடுத்து வைத்திருக்கிற பங்கு. பருத்திக் காட்டில் மருந்து தெளிக்கிறபோது பறிபோவது அந்தப் பங்குதான்.

ரத்தத்துக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. சோளத்தில் இரும்பு அதிகம் என்று மேலே பார்த்தோம். முழு உண்மை அதுவல்ல. தானியத்தில் இருக்கிற இரும்பை உடம்பு சுலபமாக உறிஞ்சிக்கொள்ளாது. தானியத்திலேயே இருக்கிற ஃபைட்டேட் போன்ற சமாச்சாரங்கள் தடுக்கும். வைட்டமின் சி கூட வந்தால் அந்தத் தடை தளரும். அது கீரையிலும் பச்சைக் காயிலும் புளிப்பிலும் இருக்கிறது. ஆகவே சோளத்தை மட்டும் மூட்டை மூட்டையாக ரேஷனில் கொடுத்தால் ரத்தம் ஊறிவிடாது. ரொட்டியும் துவரையும் கீரையும் ஒரே தட்டில் சேரவேண்டும். ஒரே தட்டில் சேரவேண்டுமென்றால் ஒரே நிலத்தில் சேரவேண்டும். கடையில் இத்தனையும் வாங்க அவள் கையில் காசு ஏது?

*

சரி, இத்தனை செய்தார்களே, பெண்களின் உடம்பு தேறியதா?

நியாயமான கேள்வி. 2003-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த அமைப்போடு சேர்ந்து மேதக் மாவட்டத்தின் 37 கிராமங்களில் 220 தலித் தாய்மார்களை ஆராய்ந்தார்கள். கோடையில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை. அவர்களுக்குச் சக்தியும் புரதமும் இரும்பும் கொடுப்பதில் பாரம்பரியச் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு இருந்தது தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்கள் இருக்கவேண்டிய எடைக்குக் கீழே மெலிந்திருந்தார்கள். படிக்காதவர்களிடமும் உடம்பை வருத்தி உழைத்தவர்களிடமும் இது அதிகம்.

கஷ்டமாக இருக்கிறதல்லவா? ஆனால் இதுதான் நிஜம். ஒரு தலைமுறைக் கூலி வாழ்க்கை உடம்பில் எழுதியதை இருபது வருடச் சோளம் அழித்துவிடாது. உழைப்பு குறையவேண்டும், படிப்பு வரவேண்டும், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கவேண்டும். சங்கம் இவற்றையெல்லாம் தொட்டது. எல்லாவற்றையும் சாதித்தது என்று சொன்னால் அது பொய்.

நாட்டு நிலவரம் என்ன என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவர்கள் செய்தது புரியும். தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்வது இது. 1998-99ல் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் 52 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. 2019-21ல் 57 சதவிகிதம். இருபது வருடம். எத்தனை கோடி இரும்பு மாத்திரை! நாடு எத்தனை மடங்கு பணக்கார நாடாகிவிட்டது! எண் மட்டும் இறங்கக் காணோம். ஏறியிருக்கிறது. தெலங்கானாவிலும் அதே 57 சொச்சம்தான். தமிழ்நாட்டில் 53.

டெல்லியில் அசைக்க முடியாத ஓர் எண்ணோடு ஜகீராபாத்தில் படிக்காத பெண்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் மாத்திரை இல்லை. என்ன விதைப்பது என்று முடிவெடுக்கிற உரிமை இருந்தது.

அந்த உரிமைதான் இந்தக் கதையின் உயிர். நிலம் ஆண் கையில் இருந்தால் அவன் யோசிப்பது, எது நல்ல விலைக்குப் போகும்? கரும்பா, பருத்தியா, இஞ்சியா? அவனைக் குற்றம் சொல்ல முடியாது, கடன்காரன் வாசலில் நிற்கிறான். பெண் கையில் வந்தால் முதல் கேள்வி வேறு. வீட்டுக்கு எத்தனை மாசம் வரும்? மாட்டுக்கு என்ன? அடுத்த வருஷ விதைக்கு என்ன? மிச்சமிருந்தால் சந்தைக்கு. எத்தனை தினுசு விதைக்கிறாளோ அத்தனை தினுசு தட்டில் விழும். கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்தாலும் அவளுக்கும் ஏதோ ஒன்று மிஞ்சும்.

*

விதை கையில் இருந்தால்தான் இந்த முடிவு கையில் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் விதையைக் காசுக்கு விற்பதில்லை என்று ஒரு வழக்கம். வேண்டுமா, வாங்கிக்கொண்டு போ. அறுத்ததும் ஒன்றுக்கு ஒன்றரையாகவோ இரண்டாகவோ திருப்பிக் கொடு. மூங்கில் கூடையில் சாணமும் மண்ணும் பூசி, சாம்பலும் வேப்பிலையும் போட்டு வைத்துவிட்டால் பூச்சி அண்டாது.

1990-களின் இறுதியிலிருந்து ஜனவரி தோறும், சங்கராந்தி அன்றைக்கு, ஜோடித்த மாட்டுவண்டிகள் கிளம்பின. பாத பண்டல ஜாத்ரா. பழம்பயிர்த் திருவிழா. வண்டி நிறைய விதைகள், எழுபது எண்பது தினுசு. சாமி ஊர்வலம் மாதிரி ஊர் ஊராக ஒரு மாதம். சாமிக்குப் பதிலாக விதை. சிறு தானியம் சாப்பிடுகிறவன் என்றால் கேவலம் என்றிருந்த ஊரில், அந்தத் தானியத்துக்கு ஆரத்தி எடுத்தார்கள்.

இந்தப் பெண்களில் சிலர் வீடியோ காமிரா பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள். பி.டி. பருத்தி வந்த புதிதில் வாரங்கல் விவசாயிகளின் வயலுக்கே போய்ப் படமெடுத்துக்கொண்டு வந்தார்கள். காற்றலை என்பது பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 1995-ல். மச்னூர் கிராமத்தில் சங்கம் ரேடியோ நிகழ்ச்சிகளைத் தயாரித்து, கேசட்டில் போட்டுக் கேட்டுக்கொண்டு, லைசென்ஸுக்காக வருடக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். 2008 அக்டோபர் 15 அன்று அது வானில் ஏறியது. தலித் பெண்களே நடத்திய சமூக வானொலி. எப்போது விதைப்பது, எந்தக் கீரை எதற்கு நல்லது, பிள்ளை பெற்றவள் என்ன சாப்பிடவேண்டும் என்று அவர்கள் தெலுங்கில், அவர்கள் குரலில். 2019-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு சங்கத்துக்குக் கிடைத்தது.

*

அரசாங்கத்துக்கும் ஞானம் வராமல் போகவில்லை. கொஞ்சம் லேட். 2013-ம் வருடத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அரிசி, கோதுமையோடு சிறு தானியத்துக்கும் இடம் கொடுத்தார்கள். நாடு முழுக்க அப்படிக் கேட்டுக் கத்தியவர்களில் சதீஷ் முக்கியமானவர். 2018 தேசியச் சிறுதானிய ஆண்டு. இந்தியா கேட்டு, ஐ.நா. சபை அறிவித்த சர்வதேசச் சிறுதானிய ஆண்டு, 2023.

அந்த 2023 மார்ச் 18-ம் தேதி டெல்லியில் உலகச் சிறுதானிய மாநாட்டைப் பிரதமர் தொடங்கிவைத்தார். பல நாட்டுப் பிரதிநிதிகள். ஸ்ரீ அன்னா என்று புதுப் பெயர். மாநாடு மறுநாளும் நடந்தது. அந்த மறுநாள், மார்ச் 19-ம் தேதி, ஹைதராபாத்தில் சதீஷ் காலமானார். வயது 77.

நாற்பது வருடம். ஆரம்பித்தபோது சோளம், தரித்திரத்தின் அடையாளம். முடிந்தபோது அது சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடிப் பாக்கெட்டில், அரிசியைவிட விலை கூடுதலாக. நகரத்தில் சர்க்கரை ஏறியவர்களும் எடை குறைக்க நினைப்பவர்களும் தேடித் தேடி வாங்குகிறார்கள். நல்லதுதான்.

ஆனால் கணக்கு இன்னொரு தடவை தலைகீழாகப் புரளக் கூடும் என்பதையும் யோசிக்கவேண்டும். விலை ஏறினால் அந்தத் தானியமும் சந்தைக்குப் போகும். கம்பெனி வந்து, தினை மட்டும் போடு, துவரையும் கீரையும் வேண்டாம் என்று சொல்லும். விளைவித்த பெண் அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ரேஷன் அரிசி வாங்க வரிசையில் நிற்பாள். 1983-ல் சோளம் மலிந்து நிலம் தரிசானது. இப்போது சோளம் உயர்ந்து தட்டு தரிசாகலாம்.

அப்படி நடக்காமல் தடுக்க டெல்லி மாநாட்டில் தீர்மானம் போட முடியாது. நிலம் யார் பேரில் இருக்கிறது, விதை யார் கூடையில் இருக்கிறது, என்ன விதைப்பதென்று யார் முடிவெடுக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளில்தான் அதற்கு விடை இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, ஒரு மூலையில், மழையை நம்பி, அந்தப் பெண்கள் இருபது தினுசு விதைத்துக் காட்டினார்கள்.